அறிவியல் சிறுகதைக்குச் சத்தம் சேர்த்தால் கெட்டுப்போகுமா?

கோலாலம்பூர் வாசகர் ஒருவர், 4 ஆகஸ்ட் 2024, காலை 9.12

அறிவியல் சிறுகதைகளை ஒலிவடிவில் கேட்க ஆசைப்பட்டுத் தேடினேன். கேட்ட எல்லாவற்றிலும் விண்கலம் என்றால் 'ஊய்ங்', ரோபோ என்றால் தகர டப்பாக் குரல், கணினி என்றால் 'பீப் பீப்'. கதை பெரியவர்களுக்கு, சத்தம் சின்னப் பிள்ளைகளுக்கு. நல்ல குரலில் நிதானமாக வாசித்தாலே போதும், சத்தம் சேர்ப்பது கதையைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

4 ஆகஸ்ட், இரவு 10.50

நான் மறுக்கிறேன். பினாங்கில் நாங்கள் சில பேர் சேர்ந்து அறிவியல் சிறுகதைகளை நடித்துப் பதிவு செய்து வருகிறோம். எனக்குப் பகலில் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. மற்றவர்களில் இருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், ஒருவர் லாரி ஓட்டுபவர். ஐயா சொல்லும் அந்த 'ஊய்ங்' எங்களுக்கும் ஆகாது. அதற்காகச் சத்தத்தையே ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. "கதவு மெல்லத் திறந்தது" என்று வாசித்துவிட்டு, உடனே கதவுச் சத்தத்தையும் போடுகிறார்கள். கேட்பவருக்கு ஒரே சேதி இரண்டு தரம் வருகிறது. இரண்டில் ஒன்று போக வேண்டும். பெரும்பாலும் வாக்கியத்தை எடுத்துவிடலாம். வாக்கியம் அழகாக இருந்தால் சத்தம் விலகி நிற்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு காட்சிக்கும் நாங்கள் முதலில் முடிவு செய்வது, கேட்பவரின் காது எங்கே இருக்கிறது என்பதைத்தான். விண்வெளியில் காற்று இல்லை, வெளியே நின்று கேட்க ஒன்றுமே கிடையாது, கலமே வெடித்தாலும் சத்தம் வராது. ஆனால் காதைத் தலைக்கவசத்துக்குள் வைத்துவிட்டால் எவ்வளவோ கேட்கும். மூச்சு கேட்கும். கவசத்துக்குள் காற்றைச் சுழற்றும் விசிறி கேட்கும். ரேடியோவில் கூட வந்தவர் குரல். கையுறை கலத்தின் சுவரில் படும்போது உடம்பு வழியாகவே வந்து சேரும் ஒரு 'தம்'. இதில் சின்னப்பிள்ளைத்தனம் எங்கே இருக்கிறது?

5 ஆகஸ்ட், இரவு 9.15

அந்தத் 'தம்'மை எப்படி எடுத்தீர்கள் என்று ஈப்போவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எவர்சில்வர் டிஃபின் கேரியரில்.

மின்னணுச் சாமான் கடையில் பியசோ வில்லை என்று கேளுங்கள். ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பித்தளையில், நடுவில் வெள்ளைப் பூச்சோடு இருக்கும். விலை சில ரிங்கிட்தான். இரண்டு கம்பியைப் பற்றவைத்துப் பதிவுக் கருவியில் இணைத்தால் அதுவே ஒலிவாங்கி. காற்றில் வரும் சத்தம் அதற்கு அநேகமாகக் கேட்காது, ஒட்டிய பொருளின் அதிர்வு மட்டும் கேட்கும். அதனால் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் பதிவில் விழாது. நேராகச் செருகினால் அடித்தொனி இல்லாமல் கீச்சென்று வரும். கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் ப்ரீஆம்ப் என்னும் ஒலிபெருக்கும் பெட்டி ஒன்றை நடுவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வில்லையைக் கேரியரின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடித்தட்டில் அரைக் குவளை தண்ணீர் ஊற்றி, தட்டுகளை அடுக்கிக் கொக்கியைப் பூட்டுங்கள். நகம் படாமல் விரல் சதையால் தட்ட வேண்டும். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால், பெரிய கலத்தின் சுவரை உள்ளே இருந்து தொடுவது தெரியும். தண்ணீர் உள்ளே மெதுவாக அலம்புவதால் சத்தத்துக்கு ஒரு வால் கிடைக்கிறது. கொக்கி பூட்டும் 'டக்'கை மட்டும் தனியாக வெட்டி வைத்துக்கொண்டால் கலத்திலிருந்து வெளியே போகும் காற்றடைப்பு அறையின் கதவு தயார். ஈரக் கட்டைவிரலால் மூடியைத் தேய்த்தால் உலோகம் முனகும். அந்த முனகலை ஒரு கதையில் ஒரே ஓர் இடத்தில்தான் வைக்கலாம், இரண்டாம் முறை வந்தால் பயம் போய்விடும்.

7 ஆகஸ்ட், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக. "இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று ஒருவர் கேட்கிறார். கிடக்கிறது. பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு ஒலிக்கும் உரிம வகையைப் பார்த்து எடுங்கள். சிலவற்றுக்குப் பதிவு செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆனால் கதை பினாங்கில் நடந்தால் மழையும் பினாங்கு மழையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் யாரோ ஓட்டுக்கூரையில் எடுத்த தூறல் நம் காதுக்கு உடனே அந்நியமாகத் தெரிகிறது. தகரக் கூரையில் ஒரே அடியாக இறங்கி, பேச்சையே நிறுத்த வைக்கும் மழைதானே நம்முடையது? கோலாலம்பூர் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்க் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயில் 1998-லிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. சக்கரத்தைச் சுழற்றும் வழக்கமான மோட்டார் அதில் இல்லை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த உலோகப் பட்டைக்கும் வண்டியடியில் உள்ள மின்காந்தங்களுக்கும் இடையே எழும் விசையில் நகர்கிறது. மஸ்ஜித் ஜாமேக்கில் அது கிளம்பும்போது படிப்படியாக ஏறும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எதிர்கால வாகனச் சத்தத்துக்கு நீங்கள் வெளியே எங்கும் போக வேண்டாம்.

11 ஆகஸ்ட், மாலை 5.40

பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழு, எச்.ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்க்காரர் படையெடுப்பு நாவலை நாடகமாக்கியது. கதையைச் செய்தி அறிவிப்பு மாதிரி அமைத்தார்கள். சம்பவ இடத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் நிருபரின் குரல் பாதியிலேயே அறுபடுகிறது. பிறகு சில வினாடிகள் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைதான் நாடகத்திலேயே பெரிய சத்தம் என்று நினைக்கிறேன்.

1963-ல் பிபிசி ஒலிப்பட்டறையில் பிரையன் ஹாட்ஜ்சன் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் கால இயந்திரத்துக்குச் சத்தம் தேடினார். பழைய பியானோவின் தந்தியில் வாசல் சாவியை வைத்து இழுத்துப் பதிவு செய்து, அதையே நாடாவில் பல விதமாக மாற்றினார். அந்தத் தொடருக்கு இன்றும் அதுதான் அடையாளம். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு பென் பர்ட் எடுத்த துப்பாக்கிச் சத்தம், வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் அடித்தது. நீண்ட எஃகுக் கம்பியில் உயர்ந்த சுருதி முந்தி ஓடும், தாழ்ந்தது பின்னால் வரும். அதனால்தான் மேலிருந்து கீழே சறுக்கும் அந்த 'பியூ'. பிள்ளைகள் விளையாடும் சுருள்கம்பியைத் தொங்கவிட்டுத் தட்டினாலும் அதே கதை.

இவர்கள் எல்லாம் கையில் கிடைத்த பொருளைத்தான் எடுத்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முழுக்க முழுக்கக் கணினியில் செய்த ஒலியில் உராய்வு இருப்பதில்லை, காது அதைப் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை.

12 ஆகஸ்ட், இரவு 11.05

மேலே விட்டுப்போனது: வேற்றுக்கிரகவாசியின் பேச்சு. நிபோங் தெபால் பக்கம் சமைத்து உண்ணும் பறவைக்கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடங்களில், பறவைகளை இழுக்கக் கூரை ஒலிபெருக்கியில் உழவாரன் குருவிச் சத்தத்தைப் பகல் முழுக்க ஓட்டுவார்கள் அல்லவா? லாரி அண்ணன் போகிற வழியில் நிறுத்திப் பதிவு செய்து வந்தார். எட்டு மடங்கு மெதுவாக ஓட்டினால் கீச்சொலி மூன்று ஸ்தாயி இறங்கி, கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இருட்டில் வழி தெரிய இந்தக் குருவிகள் 'கிளிக் கிளிக்' என்று எதிரொலி தேடும். அந்தச் சத்தமும் இடையில் விழுந்திருந்தது, மெதுவாக்கினால் தொண்டைக்குள் எதையோ உருட்டுவது போல் இருக்கிறது. பதிவுக் கருவி ஒலியை மாதிரி எடுக்கும் வேகத்தை 96 கிலோஹெர்ட்சில் வையுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக்கும்போது மேல்சுருதி எல்லாம் காலி.

18 ஆகஸ்ட், இரவு 8.30

இன்று பதிவு இல்லை. சீனர்கள் ஆவிகளுக்கு விழா எடுக்கும் ஏழாம் மாதம், எங்கள் குடியிருப்புக்கு வெளியே மேடை போட்டுப் பாட்டு நடக்கிறது, ஊரே அதிர்கிறது. ஒலிவாங்கியை எடுப்பதில் அர்த்தமில்லை. அதனால் பல நாளாகச் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

தமிழ்க் கதையில் பேச்சு இப்படி வரும்:

"எரிபொருள் எவ்வளவு இருக்கிறது?"

"திரும்பிப் போகப் போதாது" என்றாள் மாதவி, திரையைப் பார்த்தபடி.

அச்சில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. கண் அடுத்த சொல்லை முன்கூட்டியே பிடித்துவிடுகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. பேசியது யார் என்பது பேச்சு முடிந்த பிறகுதான் தெரிகிறது, அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அதற்கும் பிறகு. மூன்று பேர் பேசும் காட்சியில் கேட்பவர் ஒவ்வொரு வரிக்கும் பின்னோக்கிப் போய்க் குரலை ஆளோடு பொருத்திக்கொள்ள வேண்டும். அறிவியல் கதையில் ஏற்கனவே இடம் புதிது, கருவி புதிது, சில நேரம் காலமே புதிது. இதையும் சேர்த்தால் தலை சுற்றிவிடும். 'நல்ல குரலில் வாசித்தாலே போதும்' என்று ஐயா சொன்னதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது.

சத்தம் இந்த வேலையைச் செய்யும். முதலில் நாற்காலிச் சக்கரம் லேசாக உருள்கிறது, விசை இரண்டு தட்டப்படுகிறது, பிறகு "திரும்பிப் போகப் போதாது." மாதவிதான், திரை முன்னால்தான் என்று பேச்சுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 'என்றாள்' வேண்டாம், 'பார்த்தபடி'யும் வேண்டாம். எங்கள் கதைகளில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்னச் சத்தம் வைத்துவிடுகிறோம். பொறியாளர் என்றால் இடுப்புவாரில் சாவிகள் உரசும். மருத்துவர் பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். சத்தம் முந்தி வர வேண்டும், பேச்சின் மேல் ஏறக் கூடாது, அரை வினாடி போதும்.

கதைசொல்லி எழுத்துத் தமிழில் வாசிக்கட்டும், ஆட்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். கதை சென்னைக்காரர் எழுதியது என்றால் நாங்கள் சென்னைத் தமிழைப் போலி செய்வதில்லை. எழுதியவரிடம் கேட்டுவிட்டுப் பினாங்குப் பேச்சுக்கு மாற்றிக்கொள்கிறோம். எங்கள் ஆசிரியை ஒருவர் "சரி லா, நான் வெளியே போறேன்" என்று காற்றடைப்பு அறையில் நின்று சொன்னபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பக் கேட்டோம். அந்த ஒரு வரியில்தான் அவள் நம் வீட்டுப் பெண் ஆகிறாள், அடுத்த காட்சியில் அவளுக்கு ஆபத்து என்றதும் மனம் பதறுகிறது. அப்படியே விட்டுவிட்டோம்.

21 ஆகஸ்ட், இரவு 10.10

ரோபோக் குரல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்தத் தகர டப்பாக் குரல் வளைய மாற்றி என்னும் மின்சுற்றில் வருவது. பிபிசி 1963-ல் 'டாக்டர் ஹூ'வின் உலோக வில்லன்களுக்கு 30 ஹெர்ட்ஸ் அலையோடு குரலைப் பெருக்கி அதை எடுத்தது. ஆங்கிலத்தில் அது சரிவந்தது. தமிழில் போட்டுப் பார்த்தால் ல, ள, ழ மூன்றும் ஒரே கரகரப்பாகிவிடுகின்றன. இயந்திரம் சொன்னது 'வலி'யா 'வழி'யா என்று கேட்பவர் தடுமாறுவார்.

நாங்கள் செய்வது வேறு. நல்ல நடிகரை இயல்பாகவே பேசவைத்து, பதிவில் மூச்சு இழுக்கும் இடங்களை எல்லாம் வெட்டிவிடுகிறோம். இடைவெளி அப்படியே இருக்கும், மூச்சு மட்டும் இருக்காது. குரல் மனிதக் குரல்தான், ஆனால் சிறிது நேரத்தில் கேட்பவருக்கு ஏதோ உறுத்தத் தொடங்கும். என்ன என்று சட்டென்று சொல்லத் தெரியாது. பக்கத்தில் மனிதப் பாத்திரம் மூச்சுவாங்கிப் பேசினால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகும்.

கணினியே பேசும் செயற்கைக் குரலைப் பயன்படுத்தலாமே என்கிறார் ஒருவர். அது எழுத்துகளைச் சரியாகச் சொன்னாலும், எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதில்லை. நாடகத்தில் பாதி கேட்பதுதான்.

25 ஆகஸ்ட், மாலை 6.00

செவ்வாய்க் கதை எடுப்பவர்களுக்கு நல்ல சேதி. 2021-ல் அங்கே இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அங்கே ஒலியின் வேகத்தையே அளந்துவிட்டார்கள். தாழ்ந்த சுருதி வினாடிக்குச் சுமார் 240 மீட்டர், உயர்ந்த சுருதி சுமார் 250. இங்கே 340. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதால் எல்லாமே மெலிந்து வரும், உயர்ந்த சுருதிகளைக் கரியமில வாயு விழுங்கிவிடும்.

இதை வைத்து ஒரு காட்சி செய்தோம். தோழன் 48 மீட்டர் தள்ளி நின்று குழாயைச் சுத்தியலால் அடிக்கிறான். கைப்பிடி வழியாக அவன் கவசத்துக்குள் ஏறும் அதிர்வு ரேடியோவில் உடனே கேட்கிறது. அதே அடி காற்று வழியாக 0.2 வினாடி கழித்து, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கலாக வந்து சேர்கிறது. ரேடியோப் பக்கத்தை 300 முதல் 3400 ஹெர்ட்சுக்குள் அடைத்தோம், பழைய தொலைபேசியின் அளவு அதுதான். காற்றுப் பக்கத்தில் 1000-க்கு மேல் எல்லாவற்றையும் வெட்டினோம். வாசகத்தில் 'செவ்வாய்' என்ற பெயரே வரவில்லை. கேட்ட ஒரு மாணவி, "இது பூமி இல்லைதானே?" என்றாள்.

1 செப்டம்பர், காலை 10.25

1938-ன் வெறுமையைப் பற்றி மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அன்று வானொலி நின்றால் நிலையத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இன்று நம் ஆட்கள் கம்பெனி பஸ்சில், பினாங்குப் பாலத்து நெரிசலில், காதில் செருகியபடி கேட்கிறார்கள். முழு அமைதி வந்தால் கைப்பேசியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள், டேட்டா தீர்ந்துவிட்டதோ, புளூடூத் அறுந்ததோ என்று. கதையிலிருந்து ஆள் வெளியே வந்துவிடுகிறார்.

அதனால் அமைதிக்கும் ஓர் அடித்தளம் வேண்டும். குரலை அறுத்தாலும் ரேடியோவின் மெல்லிய இரைச்சல் தொடரட்டும், அல்லது மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் மூச்சு மட்டும் தொடர்ந்து கேட்கட்டும். முழு வெறுமை வேண்டுமென்றே வைப்பதானால் ஒரு வினாடிக்கு மேல் வேண்டாம்.

மிக மெல்லிய ஒலிகளுக்கும் இதே நிலைதான். அறையில் தலையணி போட்டுக் கேட்டால் அற்புதமாக இருக்கும், காரில் ஏர்கான் ஓடும்போது காணாமல் போய்விடும். முடித்த பதிவை லாரி அண்ணன் வண்டியில் போட்டுப் பிறை ஊரிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டிக் கேட்டுவிட்டு வருவார். அவர் காதில் விழாத சத்தத்தைத் தூக்குகிறோம் அல்லது எடுத்தே விடுகிறோம்.

8 செப்டம்பர், இரவு 9.50

கதை உரிமை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு. எழுதியவர் இறந்த பிறகு உரிமை நீடிப்பது மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, பிரிட்டனில் 70. எச்.ஜி. வெல்ஸ் 1946-ல் மறைந்தார், ஆகவே அவர் எழுத்து மூன்று இடத்திலும் பொதுச்சொத்து. ஆனால் அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்த்தவரைக் கேட்க வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகள் என்றால் கவலையில்லை. உயிரோடு இருப்பவரிடம் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். 'என்றாள்'களை எடுக்கப்போகிறோம், விளக்கப் பத்திகளைக் குறைக்கப்போகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் நாட்டு எழுத்தாளர்கள் பலர் அரசு வானொலியான ஆர்டிஎம்மின் தமிழ் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். குரலில் கேட்கப்போகிறோம் என்றதும் அவர்களே வசனத்தைத் திருத்தி அனுப்புகிறார்கள்.

15 செப்டம்பர், மாலை 4.15

கோலாலம்பூர் ஐயா திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "எல்லாக் கதைக்கும் சத்தம் வேண்டும் என்கிறீர்களா?" இல்லை. கடிதமாக எழுதப்பட்ட கதை, நினைவாக ஓடும் கதை, ஒரே ஆள் தனக்குள் பேசிக்கொள்ளும் கதை, இவற்றுக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. அங்கே காது ஒரு மனசுக்குள் இருக்கிறது, வெளியே நாற்காலி உருண்டால் இடைஞ்சல். அப்படிப்பட்ட ஒரு கதையில் நாங்கள் வைத்தது பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும், அதையும் இரண்டாம் பத்தியில் மங்கவைத்து எடுத்துவிட்டோம். இடம் மாறும் கதை, மூன்று பேருக்கு மேல் பேசும் கதை, மனிதர் அல்லாத ஒன்று பேசும் கதை என்றால் சத்தம் இல்லாமல் தமிழில் சமாளிக்க முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

15 செப்டம்பர், இரவு 9.30

நாளை மலேசிய தினம், எல்லோருக்கும் விடுமுறை. மதியம் மழை பிடிப்பதற்குள் புதுக் கதையைப் பதிவு செய்யப் பார்க்கிறோம். களம் 2090-ல் கைவிடப்பட்ட சுற்றுப்பாதை நிலையம். அதன் கப்பல்துறைக்கு, பட்டர்வொர்த்தில் பழைய இரண்டு தட்டு ஃபெரி ஓடிய காலத்தில் நண்பர் ஒருவர் எடுத்து வைத்திருந்த பதிவு இருக்கிறது, இறங்கு பலகை இரும்பில் விழும் இடம் அப்படியே பொருந்துகிறது. குறைவது ஒரு குரல்தான். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண், நிலையத்தின் கடைசிக் காவலாளி, மொத்தம் பதினோரு வரி. நடிப்பு அனுபவம் தேவையில்லை, இருமல் இருந்தாலும் பரவாயில்லை, பாத்திரத்துக்கே இருமல் உண்டு. பிறை, பட்டர்வொர்த் பக்கம் யாராவது தாத்தாவோ பெரியப்பாவோ ஒப்புக்கொண்டால் காலை எட்டு மணிக்குள் சொல்லுங்கள். லாரி அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவார், பசியாறலும் நம் பக்கம்.